திண்ணைத் தொழிலும் நோய்க் கணக்கும்

2012-ஆம் ஆண்டுக் கோடையில் கடையநல்லூரில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது, தென்காசியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நெசவுக்கும் நெல்லுக்கும் பேர்போன அந்த ஊர் சில வாரங்களுக்குத் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை முழுவதன் கவனத்தையும் தன்பால் ஈர்த்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் நாள் விட்டு நாள் வருகிற ஊர்களில் ஜனங்கள் தொட்டியிலும் டிரம்மிலும் நீரைப் பிடித்து வைப்பது சர்வசாதாரணம். அப்படி வைத்த நல்ல நீரிலேதான் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது என்பதால், சுகாதாரப் பணியாளர்கள் தெருத் தெருவாகப் போய்ப் பாத்திரங்களைக் கவிழ்த்தும், மருந்து ஊற்றியும், எந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுள் யாருக்குக் காய்ச்சல், எந்தத் தேதியில் கண்டது என்று விசாரித்து எழுதியும் வந்தார்கள். அவ்வாண்டு தமிழ்நாடு முழுவதிலும் 12,826 பேர் டெங்குவால் பீடிக்கப்பட்டதாகவும் 66 பேர் மாண்டதாகவும் அரசுக் கணக்கில் பதிவாயிற்று. இறப்பு வந்த வீடுகளின் துயரத்தைக் கணக்கு ஆற்றிவிடாது என்றாலும், கணக்கு இருந்ததனால்தான் நோய் எந்தத் தெருவில் மூண்டது, எங்கே தணிந்தது என்பது புலப்பட்டது.

அப்படி எழுதப்பட்ட வீடுகளுள் பலவற்றில், பணியாளர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே, திண்ணையில் ஒரு பெண் மடியில் சொளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்திருப்பாள். இன்னொரு வீட்டின் முன்னறையில் குழித்தறியில் ஒருவர் சாரம் நெய்துகொண்டிருந்திருப்பார். காய்ச்சலைத் தேடி வந்தவர்கள் அவர்களுடைய தொழிலைக் கேட்கவில்லை. அன்று கேட்பதற்கு அவசியமும் இல்லை. ஆயினும் ஒரு மாதம் வந்து போகிற வியாதியை வீடு வீடாக எண்ணத் தெரிந்த நம் சமுதாயம், நாற்பது ஐம்பது வருஷங்களாக அதே வீட்டுக்குள்ளேயே குடியிருந்து தேகத்தைக் கரைக்கும் வியாதியை எண்ணுவதற்கு ஏன் அதே சிரத்தையைக் காட்டவில்லை என்ற கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியவில்லை. தொழிலால் வரும் நோய்களை நோய்ப்பரவியலின் முறைகொண்டு ஆராய்வதற்கு அடிப்படையாக வேண்டியது நுட்பமான கருவியன்று, ஒரு பெயர்ப்பட்டியலே என்பதும், அந்தப் பட்டியல் கடையநல்லூர்ப் பிரதேசத்தில் ஏற்கெனவே அரைகுறையாகவேனும் இருக்கிறது என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

தொழிலுக்கும் வியாதிக்கும் உள்ள சம்பந்தத்தை முறையாக எழுதிய முதல் மருத்துவராக இத்தாலியின் மோதேனா நகரத்து பெர்னார்தினோ ரமஸ்ஸினியைச் சொல்வார்கள். 1700-இல் வெளிவந்த அவருடைய நூலில், நோயாளியிடம் வைத்தியன் கேட்க வேண்டியவை என்று முன்னோர் வகுத்த கேள்விகளோடு, ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார். நம் ஊருக்குப் பொருத்தமாக, புகையிலைத் தொழிலாளரைப் பற்றியும் அதில் அவர் எழுதியிருக்கிறார்; அந்தத் தூளின் நடுவே நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் குமட்டலும் வருவதை மூன்று நூற்றாண்டுக்கு முன்பே அவர் கண்டு சொன்னார். இன்று நம்முடைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கும். தொழில் என்ற இடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், அல்லது பெண்ணாயின் ‘இல்லத்தரசி’ என்று நிரப்பப்பட்டிருக்கும். அப்படி நிரப்பப்பட்ட பெண் அன்றைக்குக் காலையில் ஐந்நூறு பீடி சுற்றிவிட்டு வந்திருக்கலாம்.

ரமஸ்ஸினியின் கூரிய பார்வை நோயாளியிடமிருந்து தொழிலை நோக்கிச் சென்றது. நோய்ப்பரவியலோ தொழிலாளர் கூட்டத்திலிருந்து நோயை நோக்கிச் செல்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை மிகப் பெரியது. தென்காசி ஆஸ்பத்திரிக்கு இருமலோடு வந்த நூறு பெண்களில் நாற்பது பேர் பீடி சுற்றுபவர்கள் என்று ஒரு வைத்தியர் கண்டுபிடித்தால், அதிலிருந்து பீடி சுற்றுவது இருமலை உண்டாக்குகிறது என்று முடிவு செய்வது நியாயமாகாது. அந்த வட்டாரத்துப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பீடி சுற்றுகிறவர்களாகவே இருந்தால், அந்த நாற்பது எதையும் நிரூபிக்கவில்லை. நோயுற்றவர் எத்தனை பேர் என்பது பின்னத்தின் மேல் எண். அது ஆஸ்பத்திரியில் கிடைக்கும். எத்தனை பேருள் அத்தனை பேர் என்பது கீழ் எண். அது தெருவிலும் தொழிற்சாலையிலும் தேடிப்பெற வேண்டியது.

இந்தக் கீழ் எண்ணின் பெருமையை உலகத்துக்கு உணர்த்தியது பிரிட்டனில் நடந்த ஓர் ஆராய்ச்சி. சாயத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் வருகிறதென்ற சந்தேகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஜெர்மானிய வைத்தியர்களிடம் இருந்தது. 1954-இல் ராபர்ட் கேஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் அதை முடிவுக்குக் கொண்டுவந்த விதம் ஆச்சரியமானது: கம்பெனிகளின் பழைய சம்பளப் பேரேடுகளிலிருந்து 1920 முதல் அந்த ரசாயனங்களோடு புழங்கிய ஒவ்வொருவருடைய பெயரையும் எடுத்து எழுதி, அவர்களுள் மாண்டவர்களின் மரணச் சான்றிதழ்களைத் தேடிச் சேர்த்து, அதே வயதுடைய பொது ஜனங்களில் இந்நோயால் எத்தனை பேர் இறந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தார்கள். எதிர்பார்த்த மரணங்களுக்கும் நேர்ந்த மரணங்களுக்கும் இருந்த இடைவெளி பன்மடங்காயிருந்தது. அங்கே பேசியது பேரேடு; சம்பளம் கொடுப்பதற்காக எந்தக் குமாஸ்தாவோ எழுதி வைத்த பெயர்கள், அவர் நினைத்தும் பாராத ஒரு காரியத்துக்குப் பிரமாணமாக நின்றன.

இந்தத் தேவையைக் கடையநல்லூரில் கொண்டுவந்து வைத்துப் பார்க்கும்போதுதான் நம்முடைய சிக்கலின் ஆழம் தெரிகிறது. கைத்தறி நெசவு தளர்ந்த காலத்தில் இவ்வூர் ஆண்களில் பலர் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும், பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்கும் ஜீவனம் தேடிப் போனார்கள்; சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பகுதியில் கடையநல்லூரார் ஒரு சமூகமாகவே வாழ்ந்தார்கள். தொழிலாளி இளமையை ஒரு தேசத்திலும் முதுமையை மற்றொரு தேசத்திலும் கழிக்கிறபோது, முன்னே செய்த வேலையின் விளைவு பின்னே வந்த நோயாகப் பதிவாவதே இல்லை. ஊரில் தங்கிய பெண்களுக்கோ, இந்த வட்டாரம் முழுவதிலும், ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், கடையம், முக்கூடல் என்று வரிசையாக, பீடியே கைத்தொழிலாயிற்று. நாட்டில் பீடித் தொழிலை நம்பியிருப்போர் சுமார் ஐம்பது லட்சம் என்பது அரசின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அப்பெண்களில் பெரும்பான்மையோர் வேலை செய்யுமிடம் தங்கள் வீடு.

அந்த வேலையைச் சற்று அருகில் இருந்து பார்க்க வேண்டும். பீடிக் கம்பெனியின் கடையிலிருந்து எடை போட்டு வாங்கி வந்த பீடி இலையை முதல்நாள் மாலையே நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைக்கிறார்கள். காலையில் அந்த இலையின்மேல் தகரத் துண்டை அளவுக்கு வைத்துக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டுகிறார்கள். வெட்டுகிற விரலின் அடியில் வருஷக்கணக்கில் காய்ப்பு ஏறியிருக்கும். பிறகு சொளகில் தூளைக் கொட்டி, ஒரு சிட்டிகை எடுத்து இலையில் பரப்பி, இரு கைப் பெருவிரல்களாலும் உருட்டி, நகத்தால் முனையை மடக்கி, நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி அறுத்துப் போடுகிறார்கள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. தலை குனிந்தபடி, கால்களை மடக்கியபடி, கழுத்தும் இடுப்பும் அசையாமல், தூளின்மேல் முகம் ஒரு சாண் தூரத்தில் இருக்க, ஒரு நாளைக்கு ஐந்நூறு முதல் ஆயிரம் வரை இவ்விதம் நடக்கிறது. காற்றடித்தால் தூள் பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவதும் உண்டு. பக்கத்தில் தொட்டிலில் குழந்தை உறங்குகிறது. சுற்றிய கையாலேயே இடையில் சோறு ஊட்டவும் வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையில் இப்படி ஓர் அறை இருந்தால் ஆய்வாளர் வந்து காற்றோட்டத்தை அளப்பார். வீட்டுத் திண்ணைக்கு ஆய்வாளர் வருவதில்லை.

புகையிலைத் தூள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் தேகத்தில் இறங்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிலையத்தின் ஆராய்ச்சியாளர்களும், மும்பையில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ராஜனி பிசே முதலியோரும் 1980-களிலும் 1990-களிலும் செய்த சோதனைகளில், புகையிலைத் தொழிலாளரின் சிறுநீரில் நிகோட்டின் சிதைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருள் மிகுந்திருப்பதும், பீடித் தொழிலாளரின் ரத்த அணுக்களில் மரபுப்பொருள் சிதைவின் அடையாளங்கள் கூடுதலாயிருப்பதும் தெரியவந்தன. ஒரு முறைகூட பீடியை வாயில் வைக்காத பெண்ணின் உடம்பிலும் புகையிலை இருக்கிறதென்பதே இதன் தாத்பரியம். ஆனால் ரத்தத்தில் அடையாளம் காண்பது ஒன்று. இருபது வருஷத்தில் எத்தனை பேருக்கு எந்த நோய் வந்தது என்று எண்ணுவது வேறொன்று. முன்னது சில டஜன் பேரிடம் முடிந்துவிடும். பின்னதற்கு ஆயிரக்கணக்கான பெயர்களும் நீண்ட பொறுமையும் வேண்டும்.

எண்ண முயன்றால் முதலில் வழிமறிப்பவை கலங்கலான காரணங்கள். இவ்வட்டாரத்துப் பெண்கள் பலர் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள். நெடுங்காலம் விறகடுப்பின் முன் சமைத்தவர்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமத்துச் சமையலறைகளில் புகையை அளந்து காட்டியிருக்கிறார்கள். அந்தப் புகை தனியாகவே மார்பை அடைக்கப் போதுமானது. ஆகவே பீடி சுற்றும் பெண்ணின் இருமலை, அதே தெருவில் அதே அடுப்பில் சமைத்து, பீடி சுற்றாத பெண்ணின் இருமலோடு ஒப்பிட்டாலன்றி உண்மை வெளிப்படாது. ஒப்பீட்டுக்கு உரியவரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதே இந்த சாஸ்திரத்தின் உயிர்நாடி.

அதைவிடச் சூட்சுமமான தடை ஒன்று உண்டு. ஆங்கில நாட்டின் மரணப் புள்ளிவிவரங்களைத் தொகுத்த வில்லியம் ஓகிள் 1885-ஆம் ஆண்டிலேயே கவனித்தபடி, கடினமான வேலைக்குப் பலசாலிகளே வருகிறார்கள், பலவீனர்கள் விலகிப்போகிறார்கள். ஆதலால் வேலையில் இருப்பவரை மட்டும் பார்த்தால் அந்த வேலை ஆரோக்கியமானது போலத் தோன்றும். திண்ணையில் இது எப்படி நடக்கிறதென்றால், மாமியாருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் சொளகு மருமகளின் மடிக்கு மாறிவிடுகிறது. அடுத்த மாதம் கணக்கெடுக்க வருகிறவர் திடகாத்திரமான மருமகளைக் காண்கிறார். உள்ளே படுத்திருக்கும் மாமியாரைப் ‘பீடித் தொழிலாளி’ என்று எவரும் சொல்வதில்லை. ஆகையால் இன்று சுற்றுகிறவர்களை மட்டும் பரிசோதிக்கும் எந்த முகாமும், நல்லெண்ணத்தோடு நடத்தப்பட்டாலும், நோயைக் குறைத்தே காட்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். விட்டவர்களைத் தேட வேண்டும்.

கேள்விகளையும் ஊரின் வழக்கத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற மார்பு நோயை 1950-களில் லங்காஷயர் ஆலைகளில் ஆராய்ந்த ரிச்சர்டு ஷில்லிங், ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் மார்பு இறுகுகிறதா என்ற கேள்வியை அளவுகோலாக வைத்தார்; உலகெங்கும் அந்தக் கேள்வி பரவியது. ஆனால் வெள்ளிக்கிழமை தறியை நிறுத்துகிற நெசவாளரிடம் திங்களைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. இராஜபாளையத்து நூற்பாலைகளைப் போலத் தொழிலாளிக்குத் தொழிலாளி வார ஓய்வு மாறுகிற இடத்திலும் அப்படியே. ‘ஓய்வு நாளுக்கு மறுநாள்’ என்று கேட்டால்தான் அறிகுறி வெளிவரும். சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களிலோ தூசியைவிட இரைச்சலே பெரிது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கும் இடத்தில், காது மந்தமாவதை வயோதிகத்தின் மேல் சுமத்தாமல், வேலைக்குச் சேர்ந்த வருஷத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பிசினோசிஸ் இன்று நம் நஷ்டஈட்டுச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் இடம்பெற்றிருப்பதற்குக் காரணம், ஷில்லிங்கைப் போன்றோர் அதை எண்ணிக் காட்டியதே.

பெயர்ப்பட்டியல் எங்கே இருக்கிறது? 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்ற இலக்கணத்துக்குள் கொண்டுவந்தது. முதலாளிகள் அதை எதிர்த்து வழக்காடியபோது உச்ச நீதிமன்றம் 1974-இல் சட்டத்தை நிலைநிறுத்தியது. வருங்கால வைப்புநிதி வீட்டுத் தொழிலாளிக்கும் உண்டு என்பதை அதே நீதிமன்றம் 1985-இல் பி. எம். பட்டேல் வழக்கில் உறுதி செய்தது. இதன் பயனாக, வாங்கிய இலைக்கும் கொடுத்த பீடிக்கும் கணக்கு எழுதும் பாஸ் புத்தகம் உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் வைப்புநிதியில் ஓர் எண் உண்டு. எந்த வருஷம் சேர்ந்தாள், எத்தனை காலம் சுற்றினாள், எப்போது விட்டாள், இறந்தாளாயின் யாருக்குப் பணம் போயிற்று என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. ராபர்ட் கேஸுக்குக் கிடைத்த சம்பளப் பேரேட்டுக்கு இது அவ்வளவாகத் தாழ்ந்ததன்று. மறுபக்கத்தில், சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் நெடுங்காலமாகப் பேணிவரும் பதிவேட்டின் அனுபவத்தைக் கொண்டு, மாநிலம் முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவு 2012-இல் தொடங்கியது. இந்த இரண்டு பட்டியல்களையும், அந்தரங்கத்தைக் காக்கும் தக்க கட்டுப்பாடுகளோடு, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், தென்காசி மாவட்டத்துப் பீடிப் பெண்களுக்கு வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்கள் மற்றப் பெண்களைவிட மிகுதியா அல்லவா என்ற கேள்விக்கு விடை தேடத் தொடங்கலாம். மரணப் பதிவுப் படிவத்தில் இறந்தவரின் தொழில் என்ற இடமும் இருக்கிறது. அதை எழுதுகிறவர் ஒரு நிமிஷம் நின்று கேட்க வேண்டும்.

இந்தப் பட்டியலிலும் குறை உண்டு, அதை மறைக்கலாகாது. ஒரு பாஸில் மூன்று பேர் சுற்றுவது எல்லாரும் அறிந்த விஷயம்: பாஸ் தாயின் பெயரில், சுற்றுவது தாயும் இரண்டு பெண்மக்களும். அப்படியானால் பேரேட்டில் தாய் ஆயிரம் பீடி சுற்றியவளாகவும், பெண்மக்கள் புகையிலையைத் தொடாதவர்களாகவும் தெரிவார்கள். பாஸே இல்லாமல் இடைத்தரகரிடம் இலை வாங்கிச் சுற்றுகிறவர்கள் முற்றிலும் மறைந்துபோகிறார்கள். எனவே பேரேட்டோடு நின்றுவிடாமல், அதிலிருந்து ஒரு பகுதி வீடுகளையாவது தேர்ந்து, வாசலுக்குப் போய், உண்மையில் யார் எத்தனை வருஷம் சுற்றினார்கள் என்று கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் நடக்கிற காரியத்தை விஞ்ஞானத்தின் கறாரோடு ஆராய இயலுமா என்று கேட்பவர்களுக்குச் சென்னை நகரமே விடை சொல்லியிருக்கிறது. 1956-இல் இங்கே நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் பாக்ஸின் தலைமையில், ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்தும் மறுபிரிவினரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயே விட்டும் சிகிச்சை அளித்து, வீட்டாரையும் வருஷக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்து, வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக ஆபத்து இல்லை என்று காட்டியது. சமீப காலத்தில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் வெயிலில் வேலை செய்யும் கர்ப்பிணிகள் உட்பட சுமார் 800 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, கடும் வெப்பத்தில் உழைப்பவர்களிடம் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரு மடங்காயிருப்பதைக் கண்டதும் இதே மரபில் வந்த காரியம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் ஊழியர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். 2024-இல் தொழிலாளரைத் தேடி மருத்துவமும் தொடங்கப்பட்டது. வீடே தொழிற்கூடமாயிருக்கிற ஊரில் இவ்விரண்டும் ஒரே திண்ணையில் சந்திக்க வேண்டியவை.

எஞ்சியிருப்பது பயம். இருமல் என்று சொன்னால் கடையில் இலை குறையும், பீடி கெடுதல் என்று அறிக்கை வந்தால் கம்பெனியே மூடும், பிறகு பெண்ணின் கல்யாணத்துக்கு எங்கே போவது என்று நினைக்கிற ஒருத்தி, கணக்கெடுப்பவரிடம் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்வது இயற்கை. அந்தப் பதில் அட்டவணையில் ஆரோக்கியமாக ஏறிவிடும். அவள் அஞ்சுவதிலும் நியாயம் இருக்கிறது. பீடித் தொழிலாளர் நலநிதிக்காக 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பீடியின்மேல் தண்டிவந்த தீர்வை, சரக்கு-சேவை வரி வந்த 2017-இல் நீக்கப்பட்டது. முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி போன்றவை இப்போது மத்திய வரவுசெலவுத் திட்டத்தின் ஒதுக்கீட்டையே நம்பியிருக்கின்றன. ஆகையால் கேள்வித்தாளோடு வருகிறவர் முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டியவை சில உண்டு: பதில்கள் கடைக்கோ கம்பெனிக்கோ போகா; நோய் கண்டால் சிகிச்சைக்கு இன்ன இடத்தில் ஏற்பாடு உண்டு; முடிவுகள் முதலில் அவளுக்கும் அவளுடைய சங்கத்துக்கும் தமிழில் சொல்லப்படும். இளம்பெண்கள் படித்து வேறு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டதால், இந்தத் தொழிலில் ஆயுளைக் கழித்த தலைமுறை இப்போது அறுபதையும் எழுபதையும் எட்டிக்கொண்டிருக்கிறது. புகையிலையால் வருகிற புற்றுநோய்கள் பெரும்பாலும் அந்த வயதில்தான் தலைகாட்டும். வைப்புநிதி அலுவலகத்தின் பழைய பேரேடுகளில் அவர்களுடைய பெயர்கள் இன்னும் இருக்கும் காலத்திலேயே, அவர்கள் உயிரோடு இருந்து தாங்கள் எத்தனை வயதில் சொளகை மடியில் வைத்தார்கள் என்று தாங்களே சொல்லக்கூடிய காலத்திலேயே, இந்த வேலை தொடங்கப்பட வேண்டும்.